பள்ளி நாள்களில் மட்டும் வரும் வயிற்றுவலி

வணக்கம் சகோதரி. ஏழாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகளுக்குப் பள்ளி நாள்களில் மட்டும் காலையில் வயிற்றுவலி வருவதாகவும், மருத்துவர் உடலில் குறை எதுவும் இல்லை என்று கூறிவிட்ட பின் வகுப்பாசிரியர் அதை நடிப்பு என்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். அது பெரும்பாலும் நடிப்பாக இராது. பதற்றத்தின்போது குடலின் இயக்கமே மாறுவதால் குழந்தைக்கு உண்மையாகவே வலிக்கும்.

"ஏன் போக மாட்டேன் என்கிறாய்?" என்று காலை அவசரத்தில் கேட்பதை விட்டு, எந்தப் பாடவேளை, எந்த இடம், யார் அருகில் இருக்கும்போது கடினமாக இருக்கிறது என்று மாலையில் அவள் சாப்பிட்டு முடித்த பிறகு மெதுவாகக் கேளுங்கள், பேருந்தா, கழிப்பறையா, கரும்பலகைக்கு அழைக்கப்படுவதா என்பது அப்போதுதான் வெளிவரும். பிறகு தலைமையாசிரியரைச் சந்தித்து, வலி வந்தால் உடனே வீட்டுக்கு அனுப்பாமல், அவளுக்குப் பிடித்த ஓர் ஆசிரியரிடம் பத்து நிமிடம் அமர்ந்துவிட்டு வகுப்புக்குத் திரும்ப அனுமதி கேளுங்கள். நீண்ட விடுப்பு பயத்தை வளர்க்கும் என்பதால் இதை வலியுறுத்துகிறேன்.

வகுப்பில் அவமானப்படுத்தப்படுகிறாள் என்று தெரிந்தால் தயங்காமல் எழுத்தில் முறையிடுங்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. கட்டணமில்லா 14416 என்ற எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசனை பெறலாம். வாழப் பிடிக்கவில்லை என்று அவள் ஒரு முறை சொன்னாலும் அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.