சுருட்டு சுற்றப் பழகுதல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

உறையூர்ச் சுருட்டைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தபின், என் அம்மாவின் அப்பா செய்துவந்த அந்தத் தொழிலை வீட்டிலேயே பழகிப் பார்க்கலாம் என்று தோன்றியது. பதப்படுத்திய புகையிலையை வாங்கி, எல்லா இலைகளையும் இரவு முழுக்க ஈரத்துணியில் சுற்றிவைத்து, காலையில் காணொளிகளைப் பார்த்துச் சுற்றுகிறேன். பார்வைக்கு நன்றாகவே வருகிறது. ஆனால் இழுத்தால் காற்றே வருவதில்லை. மின்விசிறியின் கீழ் உலர வைத்தால் மறுநாள் மேல் இலை வெடித்துவிடுகிறது. மேல் இலையைச் சுற்றும் முறையில் பிழையா? மர அச்சு வாங்கினால் சரியாகுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

மேல் இலையைச் சுற்றுவதில் உங்களுக்குக் குறையில்லை. எல்லா இலைகளையும் ஒரே அளவு ஈரமாக்கியதுதான் இரண்டு சிக்கல்களுக்கும் காரணம். ஈரம் மிகுந்த உள் இலைகள் விரலின் அழுத்தத்துக்கு ஒன்றோடொன்று படிந்து ஒட்டிக்கொள்வதால் காற்று போக வழியில்லாமல் போகிறது. பிறகு காற்றுபட்ட மேல் இலை முதலில் உலர்ந்து சுருங்க, உள்ளே இருப்பவை இன்னும் ஊறிப் பருத்தே இருப்பதால், சுருங்க இடமில்லாமல் அது வெடிக்கிறது. மின்விசிறி அதை விரைவுபடுத்துகிறது.

மேல் இலைக்குத்தான் நல்ல ஈரம் வேண்டும். மெல்லிய ஆட்டுத்தோலைப் போல, இழுத்தால் சற்று நீண்டுகொடுத்துக் கிழியாமல் இருக்க வேண்டும். உள் இலைக்கு, மடித்தால் நொறுங்காத அளவுக்கு ஈரம் இருந்தால் போதும். கையில் பிடித்து இறுக்கிவிட்டால் அது மெல்ல விரிந்து எழ வேண்டும்; அமுங்கியபடியே கிடந்தால் ஒரு மணி நேரம் நிழலில் பரப்பிவையுங்கள். இரண்டுக்கும் நடுவே, உள் இலைகளைக் கட்டிப்பிடிக்க ஓர் இலை சுற்றுவீர்களானால், அதன் ஈரமும் இடைப்பட்டதாக இருக்கட்டும். இந்தப் பதத்தை விரலால் தொட்டுத்தான் அறிய வேண்டும், காணொளியில் பார்த்துக் கற்க முடியாது என்பதே என் எண்ணம். கியூபாவின் ஹவானா நகரத்துச் சுருட்டாலைகளில், வேலை நடக்கும்போதே ஒருவர் அமர்ந்து செய்தித்தாளையும் நாவலையும் உரக்க வாசிக்கும் வழக்கம் 1865 முதல் உண்டு; யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலும் அப்படி வாசித்தார்கள். சுற்றுபவரின் கவனம் முழுவதும் விரல்நுனியில் இருந்ததால் காது கதைக்குக் கிடைத்தது.

அடுத்தது, உள் இலைகளை அடுக்கும் முறை. நடுநரம்பை உருவி எடுத்த இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டையாக அடுக்கிச் சுருட்டுவது எளிது. ஆனால் புகைக்குச் சீரான வழி கிடைப்பதில்லை. ஒவ்வோர் இலையையும் விசிறி மடிப்பாக மடித்து, பக்கம் பக்கமாகச் சேர்த்து ஒரு கட்டாகப் பிடியுங்கள். மடிப்புகளுக்கு இடையே உள்ள சந்துகள்தான் காற்றின் பாதை. இலைநுனிகள் எல்லாம் பற்றவைக்கும் பக்கம் இருக்கட்டும். செடியின் உச்சியில் விளைந்த, கியூபாவில் லிஹேரோ எனப்படும் தடித்த இலை உங்களிடம் இருந்தால் அதை நட்டநடுவில் வையுங்கள்; அது மெதுவாக எரிவதால், ஓரத்தில் வைத்தால் சுருட்டு ஒரு பக்கமாகவே எரிந்து போகும். உருட்டும்போது இந்த இலைக்கட்டினை முறுக்கிவிடாதீர்கள். தொடங்குபவர்கள் இறுக்கம் வேண்டுமென்று ஒரு கையை முன்னும் மறு கையைப் பின்னுமாகத் தள்ளிவிடுகிறார்கள்; உள்ளே இலைகள் கயிறாகத் திரிந்து வழி அடைபடும்.

மேல் இலையைச் சுற்றுவதற்கு முன்பே இலைக்கட்டினை வாயில் வைத்து இழுத்துப் பாருங்கள். பிறகு விரலால் நீளவாட்டில் தடவி, கெட்டியாக இடறும் இடத்தைப் பிரித்துச் சரிசெய்யுங்கள். மேல் இலையை நரம்பு தெரியும் பக்கம் உள்ளே போகும்படி வைத்துச் சாய்வாகச் சுற்ற வேண்டும். இலையின் இடப்பாதியும் வலப்பாதியும் எதிரெதிர்த் திசையில் சுற்றுபவை என்பதால், இரண்டையும் தனித்தனியாக அடுக்கிக்கொள்ளுங்கள்.

ஹவானா வடிவத்தில் தொடங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். காணொளிகளில் பெரும்பாலும் அதுதான் இருக்கும். வாயில் வைக்கும் முனையை ஒரு துண்டு இலையால் மூடிப் பசையிட்டு முடிப்பது அதன் கடினமான பகுதி. உங்கள் தாத்தா சுற்றிய உறையூர்ச் சுருட்டு இரு முனையும் வெட்டப்பட்ட நேரான சுருட்டு. அதில் தொடங்குவதே முறை என்பேன். கவனம் முழுவதையும் உள்ளடுக்கில் வைக்கலாம்.

ஈரப் புகையிலையிலிருந்து நிகோடின் தோல் வழியாகவும் உடலில் சேரும். கையுறை அணியுங்கள், சன்னலைத் திறந்துவையுங்கள், பிள்ளைகளை அந்த அறையில் விடாதீர்கள். சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை என்பதால் தீங்கில்லை என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். வாயிலும் தொண்டையிலும் உணவுக்குழாயிலும் அது புற்றுநோயை உண்டாக்கும். கைத்தொழிலாக இதைப் பழக, சுற்றியதையெல்லாம் பற்றவைக்க வேண்டியதில்லை. பற்றவைக்காமலே இழுத்துப் பார்த்தும், குறுக்கே வெட்டி அடுக்கைப் பார்த்தும் பெரும்பகுதியைத் தெரிந்துகொள்ளலாம்.

மர அச்சை இப்போது வாங்க வேண்டாம். அது வெளிவடிவத்தைச் சீராக்குமே தவிர, அடைபட்ட வழியைத் திறக்காது. இலைக்கட்டினை வெள்ளைத்தாளில் இறுக்கமாக உருட்டி அரைமணி நேரம் வைத்தால் வடிவம் நிற்கும். மேல் இலை சுற்றியபின், காற்று நேராகப் படாத நிழலில் சில நாட்கள் விட்டுவிடுங்கள்.