வாசகர் கேள்வி: தோட்டத்துச் சாளைக்கு ஒரு காவல் ரோபோ

கேள்வி: நாங்கள் நால்வரும் பெருந்துறைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மின்னணுத் துறை மூன்றாம் ஆண்டு மாணவிகள். எங்களில் ஒருத்தியின் அப்புச்சியும் அம்மிச்சியும் (அம்மா வழித் தாத்தா, பாட்டி) கோபிக்கு அருகே தோட்டத்துச் சாளையில் (தோட்ட வீட்டில்) தனியாக இருக்கிறார்கள். இரவெல்லாம் வீட்டைச் சுற்றி வந்து, ஆள் நடமாட்டம் கண்டால் முகத்தை அடையாளம் கண்டு, படத்தைக் கைப்பேசிக்கு அனுப்பி, சைரன் ஒலிக்கும் ரோபோ ஒன்றை ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினிப் பலகை கொண்டு செய்ய எண்ணியுள்ளோம். இதைக் கல்லூரித் திட்டமாக முடிக்க 14 வாரங்கள் இருக்கின்றன. எதிலிருந்து தொடங்குவது?
– மாணவிகள், பெருந்துறை

பதில்: உதிரிபாகக் கடைக்குப் போகும் முன் அந்தச் சாளைக்குப் போய் ஓர் இரவு தங்குங்கள். எந்தக் கதவை எப்போது தாழிடுகிறார்கள், பூனை எந்த வழியாக வருகிறது, மின்சாரம் போனால் எவ்வளவு நேரம் கழித்து வருகிறது, கைப்பேசிச் சமிக்ஞை எந்த மூலையில் கிடைக்கிறது, வாசற்படியின் உயரம் என்ன என்பவற்றையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மாணவர்கள் வழக்கமாக வாங்கும் மஞ்சள் நிற மோட்டாருடன் வரும் சக்கரத்தின் விட்டம் 65 மில்லிமீட்டர்தான். அதன் ஆரத்தைவிட உயரமான படியில் அது ஏறாது. ஆகவே உங்கள் ரோபோ ஆசாரத்துக்குள்ளும் (வீட்டின் கூடம்) அதை ஒட்டிய அறைகளிலும் மட்டும் ஓடட்டும். மாடு கட்டும் கட்டுத்தரையையும் களத்தையும் சுற்றி வரும் வண்டி வேறொரு திட்டம். அதை இதனோடு சேர்க்க வேண்டாம்.

அடுத்து, இரவெல்லாம் சுற்றுவது என்ற எண்ணத்தைக் கைவிடச் சொல்வேன். கணினிப் பலகையும் கேமராவும் சுமார் 5 வாட், ஓடும்போது மோட்டார்கள் சுமார் 10 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறிய யூ.பி.எஸ்.களில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் 84 வாட்-மணி இருக்கிறது; அது நெடுநாள் உழைக்க வேண்டுமானால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. அந்தப் பாதியான 42 வாட்-மணியை 15 ஆல் வகுத்தால் மூன்று மணி நேரம்கூடத் தேறவில்லை. ஆனால் காக்க வேண்டிய இரவோ பத்து மணி நேரம்.

மின்சாரத்தைவிடப் பெரிய தடை உணரியில் இருக்கிறது. ஆள் நடமாட்டத்தை அறியும் பி.ஐ.ஆர். உணரி, தன் பார்வைப் பரப்பில் அகச்சிவப்பு வெப்பம் மாறுவதைத்தான் கவனிக்கிறது. அதை ஓடும் வண்டியில் பொருத்தினால், வெயிலில் காய்ந்த சுவரைக் கடந்து குளிர்ந்த ஜன்னல் பக்கம் வண்டி திரும்புவதே ஒரு மாற்றமாகிவிடும். யாரும் வராமலே சைரன் அலறும். இரண்டு இரவு அப்படி அலறினால் மூன்றாம் இரவு அம்மிச்சி அதை அணைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார், அதில் தவறும் இல்லை. எனவே உணரிகளைச் சுவரில் நிலையாகப் பொருத்துங்கள். ரோபோ மின்னேற்றும் இடத்திலேயே காத்திருக்கட்டும். ஓர் உணரி கூப்பிட்டால் மட்டும் அந்த அறைக்குப் போய், விளக்கைப் போட்டு, படம் எடுத்து அனுப்பட்டும். எச்.சி.-எஸ்.ஆர்.501 போன்ற உணரி ஏறத்தாழ 7 மீட்டர் வரை அறியும். ஆனால் மின்சாரம் கிடைத்தபின் நிலைகொள்ள ஒரு நிமிடம் வரை எடுத்துக்கொள்ளும். மின்வெட்டு முடிந்ததும் அந்த முதல் நிமிடச் சமிக்ஞைகளைப் புறக்கணிக்கும்படி நிரல் எழுதுங்கள்.

மின்வெட்டில் வைஃபை ரூட்டரும் அணைந்துவிடும் என்பதால் குறுஞ்செய்தி வழி ஒன்று அவசியம். குறுஞ்செய்தி அனுப்ப மாணவர்கள் விரும்பி வாங்கும் சிம்800எல் பலகை 2ஜி மட்டுமே அறிந்தது. ஜியோவுக்கு 2ஜி சேவை இல்லாததால் அந்த சிம் அதில் வேலை செய்யாது. செய்தி அனுப்பும் கணத்தில் அது 2 ஆம்பியர் வரை இழுக்கும். அதை ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையின் 5 வோல்ட் முனையிலிருந்து இயக்கிவிட்டு, பலகை அடிக்கடி மறுதொடக்கம் ஆவதை நிரலின் பிழை என்று எண்ணி வாரக்கணக்கில் தேடும் மாணவர்கள் பலர். அதற்குத் தனி மின்வழங்கி கொடுங்கள். தூரம் அளக்கும் மீயொலி உணரியின் எக்கோ முனை 5 வோல்ட் தருவது. ராஸ்பெரி பை ஏற்பது 3.3 வோல்ட். மின்னழுத்தத்தைக் குறைக்க நடுவில் இரண்டு மின்தடைகள் போடுங்கள்.

முக அடையாளத்தை இந்த ஆண்டு விட்டுவிடுங்கள். அரையிருட்டில் முண்டாசு கட்டிய சொந்தக்காரரையே அது தவறாகச் சொல்லக்கூடும். படத்தைப் பார்த்து முடிவு செய்ய மகனோ மகளோ மறுமுனையில் இருந்தால் போதும். படுக்கையறையில் கேமரா போக வேண்டாம், படங்களைச் சேமிப்பது வீட்டு மெமரி கார்டிலேயே இருக்கட்டும். 2016-இல் மிராய் என்ற தீநிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் கைப்பற்றியது, தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாததால்தான். முதல் நாளே அதை மாற்றுங்கள்.

முதல் ஆறு வாரங்களை நிலையான உணரிகளுக்கும் குறுஞ்செய்திக்கும் கொடுத்து, அவற்றை மட்டும் சாளையில் ஒரு வாரம் விட்டுப் பொய் எச்சரிக்கைகளை எண்ணுங்கள். ரோபோ முடியாமல் போனாலும் பெரியவர்களுக்கு அவ்வளவாவது மிஞ்சும். கடைசி மூன்று வாரங்களில் புதிய பாகம் எதையும் சேர்க்காதீர்கள்.

கேள்வி: என் மகன் தன் கல்லூரித் திட்டத்துக்கு இதே போன்ற ரோபோவைப் பணம் கொடுத்து ஆயத்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்கிறான். கொடுக்கலாமா?
– ஒரு தந்தை, உடுமலை

பதில்: கொடுக்காதீர்கள். அந்தத் தொகையில் ஒரு மல்டிமீட்டரும் சால்டரிங் அயர்னும் கூடுதலாக ஒரு மோட்டார் இயக்கிப் பலகையும் வாங்கிக் கொடுங்கள். முதல் பலகை எரிந்துபோகும், எரிந்தது ஏன் என்று அவன் தேடட்டும். வண்டியின் அடித்தட்டை வெட்டத் தெரியாவிட்டால் லேத் பட்டறைக்கு நீங்களே கூட்டிப் போங்கள். தேர்வாளர் கம்பி ஒன்றைக் கழற்றிவிட்டு மாட்டச் சொன்னால், தன் கையால் மாட்டியவனுக்கே அது எங்கே போகும் என்று தெரியும்.