மைனஸ் முப்பதில் பழைய டீசல் கார்: முதலில் புகையைப் பாருங்கள்

கேள்வி: 1980களில் வந்த டீசல் கார் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினேன். மைனஸ் 25 டிகிரி குளிரில் ஸ்டார்ட் ஆகவே மாட்டேன் என்கிறது. பேட்டரி புதிது. வேறு எதைப் பார்ப்பது?

நான் இருப்பது கனடாவில், எட்மன்டனில். ஜனவரியில் இங்கே மைனஸ் 30 வந்தால் யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. என்னிடம் இருப்பதும் 1984 மாடல் ஐந்து சிலிண்டர் டீசல்தான். முதல் குளிர்காலத்தில் நானும் உங்களைப் போல சாவியைத் திருப்பித் திருப்பி, நல்ல பேட்டரியைக் காலி செய்துவிட்டு நின்றேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு காலத்தில் பண்ணை வைத்திருந்தவர், டிராக்டரோடு வாழ்ந்தவர். வெளியே வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பின்னால் புகை வந்ததா?" நான் பார்க்கவே இல்லை.

அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஒருவரை சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு நீங்கள் சைலன்சர் பக்கம் நில்லுங்கள். செல்ப் முக்கி முனகி மெதுவாகச் சுற்றுகிறதா? அப்படியானால் பேட்டரி, கேபிள், இன்ஜின் ஆயில் என்று பாருங்கள். நன்றாகச் சுற்றி வெள்ளைப் புகை தள்ளுகிறதா? டீசல் உள்ளே போகிறது, எரியத்தான் சூடு இல்லை. நன்றாகச் சுற்றியும் புகையே இல்லையா? டீசல் சிலிண்டருக்கு வந்து சேரவில்லை.

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. உள்ளே இழுத்த காற்றை இருபதில் ஒரு பங்காக அமுக்கும்போது பிறக்கும் சூடுதான் தீக்குச்சி. இரும்பு முழுக்க மைனஸ் 25இல் இருந்தால், அந்தச் சூட்டைச் சிலிண்டர் சுவரே குடித்துவிடும். அதை ஈடுகட்டத்தான் ஹீட்டர் பிளக், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் மின்சாரத்தில் சிவக்கச் சூடாகும் சின்ன முனை. பழைய வண்டி என்றால் என் சந்தேகம் முதலில் இதன் மேல்தான் விழும். பிளக்கின் வயரைக் கழற்றி, மல்டிமீட்டரின் ஒரு முனையை பிளக்கிலும் மறு முனையை இன்ஜின் உடம்பிலும் வையுங்கள். ஒரு ஓம் அல்லது அதற்கும் குறைவாகக் காட்டினால் நல்லது. மீட்டர் அசையவே இல்லை என்றால் பிளக் செத்துவிட்டது. என் வண்டியில் ஐந்தில் மூன்று செத்திருந்தன. கோடை முழுக்க இரண்டை வைத்துக்கொண்டே ஓடியிருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை! பிளக் எல்லாம் சரி என்றால், அவற்றுக்கு மின்சாரம் வருகிறதா என்று, அதை அனுப்பும் சுவிட்சான ரிலேயையும் அதன் பெரிய ஃபியூஸையும் பாருங்கள். இன்னொன்று: பிளக்கைக் குளிர்ந்த இன்ஜினில் கழற்ற முயலாதீர்கள். கார்பன் பிடித்து இறுகியிருக்கும், பலமாகத் திருகினால் ஹெட்டுக்குள்ளேயே முறிந்துவிடும். அப்புறம் செலவு வேறு மாதிரி ஆகிவிடும்.

டேஷ்போர்டில் ஹீட்டர் விளக்கு அணைந்தவுடன் சாவியைத் திருப்புவதும் தவறு. இந்தக் குளிருக்கு இன்னும் பத்துப் பதினைந்து நொடி பொறுங்கள். ஒரு தடவைக்கு பதினைந்து நொடிக்கு மேல் செல்ப் அடிக்காதீர்கள், ஒரு நிமிடமாவது ஆறவிடுங்கள். கையால் மாற்றும் கியர் என்றால் கிளட்சை மிதித்தபடியே செல்ப் அடியுங்கள். கியர்பாக்ஸ் ஆயில் தேன் போலக் கெட்டியாகியிருக்கும், அதையும் சேர்த்துச் சுற்றும் வேலை மிச்சம். இன்ஜின் ஆயிலும் குளிரில் கெட்டியாகும் 15டபிள்யூ-40 ரகம் என்றால் அதே கதைதான். குளிரிலும் இளகி ஓடும் 5டபிள்யூ-40 சிந்தெடிக்குக்கு மாறுங்கள். செல்ப் சுற்றும் வேகத்தில் வித்தியாசம் காதுக்கே கேட்கும்.

புகையே இல்லாத கதையும் என்னிடம் உண்டு. செப்டம்பரில் டேங்கை நிரப்பிவிட்டு வண்டியை அதிகம் எடுக்காமல் வைத்திருந்தேன். டிசம்பரில் ஒரு நாள் ஸ்டார்ட் ஆகி, தெருமுனை வரை போய் அப்படியே நின்றுவிட்டது. ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே மார்கழி மாதத்துத் தேங்காய் எண்ணெய்! டீசலில் இயல்பாகவே மெழுகு இருக்கிறது. குளிரில் அது பிரிந்து ஃபில்டரை அடைத்துவிடும். இங்கே பருவத்துக்கும் வட்டாரத்துக்கும் ஏற்ப டீசலை மாற்றித்தான் விற்கிறார்கள். ஒரே வாரத்தில் குளிர் குறைந்த வான்கூவரில் கிடைப்பதும் எட்மன்டனில் கிடைப்பதும் ஒன்றல்ல. ஜெர்மனியில் நவம்பர் 16 முதல் பிப்ரவரி முடிய மைனஸ் 20 வரை ஃபில்டரை அடைக்காத டீசல்தான் பெட்ரோல் பங்குகளில் விற்க வேண்டும். இந்தியாவிலும் லடாக்குக்கென்று இந்தியன் ஆயில் 2019இல் மைனஸ் 33 வரை தாங்கும் டீசலைக் கொண்டுவந்தது. ஆனால் டேங்கில் கிடப்பது கோடைக்கால டீசல் என்றால் இதெல்லாம் இருந்தும் பயனில்லை. எனக்கு அன்று வண்டியை இழுத்துப் போய் சூடான கராஜில் ஒரு நாள் முழுக்க நிறுத்தி, புது ஃபில்டர் போட வேண்டியதாயிற்று. உறையாமல் தடுக்கும் மருந்தை டீசல் இளகி இருக்கும்போதே ஊற்ற வேண்டும். உறைந்த பிறகு ஊற்றினால் பயனில்லை. பெட்ரோல் கலக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், நான் செய்ய மாட்டேன்.

சட்டென்று ஸ்டார்ட் ஆகட்டும் என்று இன்ஜினுக்குக் காற்று போகும் வழியில் அடிக்கும் ஈதர் ஸ்ப்ரே பக்கமே போகாதீர்கள். ஹீட்டர் பிளக் சிவந்திருக்கும்போது அது உள்ளே போனால் நேரங்கெட்ட நேரத்தில் வெடிக்கும். பிஸ்டன், ரிங் எது வேண்டுமானாலும் போகலாம்.

கடைசியாக, எனக்கு நிரந்தரமாக நிம்மதி தந்த பொருள்: பிளாக் ஹீட்டர். இன்ஜினுக்குள் இருக்கும் கூலன்ட்டைச் சூடாக்கும் சின்ன ஹீட்டர் அது. முன்பக்க கிரில் வழியாக ஒரு வயர் தொங்கும், வீட்டு பிளக்கில் சொருக வேண்டும். ஊரிலிருந்து வந்த பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு, "கரண்டு காரா கண்ணு?" என்று கேட்டார். இரவு முழுக்கப் போட வேண்டியதில்லை. டைமர் வைத்து, கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்னால் ஓடவிட்டால் போதும். 500 வாட் என்றால் நான்கு மணி நேரத்துக்கு 2 யூனிட்தான். வயரைப் பிடுங்காமல் வண்டியை எடுத்து இரண்டு எக்ஸ்டென்ஷன் கேபிளை நாசம் செய்திருக்கிறேன், அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வண்டியில் செல்ப் எப்படிச் சுற்றுகிறது, புகை வருகிறதா, வந்தால் என்ன நிறம் என்று எழுதுங்கள். ஹீட்டர் பிளக்கும் டீசலும் சரியாக இருந்தும் கிளம்பவில்லை என்றால் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டர் காற்றை எவ்வளவு அமுக்குகிறது என்பதை அளந்து பார்க்க வேண்டிவரும். அதற்கு மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.