பாலம் இல்லாத கோல்டன் கேட்

வணக்கம்.

சில வருடங்களாக அஞ்சல்தலை சேர்க்கிறேன். கிடைப்பதையெல்லாம் இல்லை. கலங்கரை விளக்கம், துறைமுகம், கடலோரப் பாறை, பாலம், ஏரி என்று தண்ணீரை ஒட்டிய இடங்கள் மட்டும். நாடுவாரியாக ஆல்பத்தில் அடுக்கியிருக்கிறேன். சமீபத்தில் நெடுநாள் சேகரிப்பாளர் ஒருவரிடம் காட்டினேன். நாலைந்து பக்கம் புரட்டிவிட்டு, "இது படம் சேக்கிறது தம்பி, ஸ்டாம்பு சேக்கிறது இல்ல" என்று மூடிவிட்டார். அதற்குப் பிறகு ஆல்பத்தைத் தொடவே மனம் வரவில்லை. படத்தைப் பார்த்துச் சேர்ப்பது அவ்வளவு மட்டமான காரியமா? வேறு எப்படி அடுக்கலாம்? புதிய தலையா, முத்திரை விழுந்ததா, எது நல்லது? எந்தக் கடிதத்திலும் பயணம் செய்யாத பளபளப்பான தாள்கள் நிறைய சேர்ந்துவிட்டன, அவற்றை என்ன செய்வது?

— ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் தலைப்பில் குறை இல்லை. அடுக்கிய விதத்தில்தான் சிக்கல். ஏரிகளையும் பாலங்களையும் நாடுவாரியாக வைத்தால் புரட்டுபவர் கண்ணுக்கு அழகான படங்கள்தான் தெரியும். அவர் பார்த்ததைச் சொல்லியிருக்கிறார். கொஞ்சம் பதமாகச் சொல்லியிருக்கலாம்.

ஒரு காரியம் செய்யுங்கள். ஒவ்வொரு தலைக்கும் பக்கத்தில் இரண்டு வருடங்களைப் பென்சிலால் குறியுங்கள். ஒன்று, தலை வெளியான வருடம். மற்றது, அதில் இருக்கும் இடத்துக்கு ஏதாவது நேர்ந்த வருடம்: கட்டியது, இடிந்தது, வெள்ளத்திலோ எரிமலையிலோ போனது. நாடு மறந்துபோய், இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கும் தூரம்தான் அதற்குப் பிறகு உங்களைப் பிடித்துக்கொள்ளும்.

1923இல் வந்த அமெரிக்க 20 சென்ட் தலை ஒன்றில் சான் பிரான்சிஸ்கோவின் 'கோல்டன் கேட்' பெயரை அச்சிட்டிருக்கும். கப்பல் உண்டு, இருபுறமும் குன்றுகள் உண்டு, நடுவில் திறந்த வாயிலாகக் கடல். பாலத்தைத் தேடினால் கிடைக்காது. அது திறக்கப்பட்டதே 1937இல்தான். அந்தப் பெயர் அதற்கு முன்பே நீரிணைக்கு உரியது. 1913இல் வந்த 5 சென்ட் தலையிலும் இதே வெறும் நீரிணைதான். இவற்றைக் கடற்கரைப் பக்கத்தில் வைப்பீர்களா, பாலங்களோடு வைப்பீர்களா? நானாக இருந்தால் பாலங்களின் முதல் பக்கம் இவற்றுக்குத்தான்.

இதற்கு நேர் எதிரானது 1901இல் அமெரிக்காவின் பஃபலோ நகரக் கண்காட்சிக்காக வந்த தலை வரிசையின் 5 சென்ட் தலை. இரண்டு வண்ண அச்சில் நயாகராவின் எஃகு வளைவுப் பாலம். 1938 ஜனவரியில் ஆற்றில் குவிந்த பனிக்கட்டிகள் அடிப்பகுதியை நெருக்க, அந்தப் பாலம் அப்படியே சரிந்து விழுந்தது. இன்று நயாகராவில் நிற்பது வேறு பாலம்.

ஏரிகளுக்கு வந்தால், ஒரே ஒரு வரிசையை முழுமையாகச் சேர்ப்பதானால் எதை என்று யாராவது என்னிடம் கேட்டால் 1898 ஏப்ரலில் நியூசிலாந்து வெளியிட்டதைத்தான் சொல்வேன். அன்றாடத் தபாலுக்கு ராணியின் முகத்தைப் போடுவது வழக்கமாக இருந்த காலத்தில், மலையும் ஏரியும் பறவையுமாக ஒரு நாட்டின் நிலத்தையே அச்சடித்துவிட்டார்கள். டாவ்போ ஏரி இருக்கிறது, மில்ஃபோர்ட் சவுண்ட் இருக்கிறது. வக்காடிப்பு ஏரியின் இரண்டரைப் பென்னித் தலையில் பெயரிலேயே ஓர் எழுத்துப் பிழை. பிறகு திருத்திய அச்சு வந்தது. பிழையானது, திருத்தியது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காத ஏரிச் சேகரிப்பு குறைப்பட்டதுதான்.

அதே வரிசையில் 4 பென்னியிலும் 9 பென்னியிலும் ரோட்டோமகானா ஏரிக்கரையின் வெள்ளைப் படிவரிசையும் இளஞ்சிவப்புப் படிவரிசையும் வரும். வெந்நீரூற்றுகள் காலங்காலமாகப் படியவைத்த சிலிக்காவால் ஆன அடுக்குகள் அவை. கடல் கடந்து பயணிகள் வந்து பார்த்த இடம். 1886 ஜூன் 10 அன்று தராவெரா எரிமலை வெடித்ததில் இரண்டும் பார்வையிலிருந்து மறைந்துபோயின. தலை வெளிவந்தது அதற்குப் பன்னிரண்டு வருடம் கழித்து! இல்லாத ஓர் இடத்தின் படத்தை ஒட்டித்தான் அந்த நாட்டு மக்கள் கடிதம் போட்டார்கள். நாடுவாரி அடுக்கில் இது இன்னொரு 'அழகான காட்சி'. இரண்டு வருடங்களை எழுதிவிட்டால் அந்தப் பக்கத்தைச் சும்மா புரட்டிவிட முடியாது.

பிறகு 4 பென்னிக்குப் படிவரிசை போய் டாவ்போ ஏரிப் படம் வந்தது; அதன் பிந்தைய அச்சில் நடுப்படம் தலைகீழாக விழுந்த ஒரே ஒரு தலை அறியப்பட்டிருக்கிறது. அது உங்களுக்கோ எனக்கோ கிடைக்கப்போவதில்லை, விடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 1900இல் நிகரகுவா வெளியிட்டது. மனாகுவா ஏரிக்கரையில் எழும் மொமொடோம்போ எரிமலை, உச்சியில் புகை. அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் இணைக்கும் கால்வாயை நிகரகுவா வழியாக வெட்டுவதா, பனாமா வழியாகவா என்று அமெரிக்க செனட் அப்போது மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. 1902 மே மாதம் மார்டினிக் தீவில் பெலே எரிமலை வெடித்துப் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். பனாமாவுக்காக வாதாடிய பிரெஞ்சுப் பொறியாளர் ஃபிலிப் புனோ-வரீய்யா இதுதான் சமயம் என்று வாஷிங்டனின் ஸ்டாம்பு வியாபாரிகளிடம் தேடி இந்தத் தலையை வாங்கி, செனட்டர் ஒவ்வொருவருக்கும் ஒன்று அனுப்பிவைத்தார். உங்கள் கால்வாய்க்குப் பக்கத்தில் புகையும் எரிமலை இருப்பதற்கு அந்த நாட்டு அரசாங்கமே சாட்சி, பாருங்கள் என்பதுதான் சேதி. ஜூன் 19 வாக்கெடுப்பில் 42க்கு 34 என்று பனாமா வென்றது. தலைதான் கால்வாயை இடம் மாற்றியது என்று கதை சொல்பவர்கள் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்கள். செலவுக் கணக்கும் பொறியியல் வாதங்களும் வேறு இருந்தன. ஆனாலும் தன் ஏரியின் அழகைக் காட்ட ஒரு நாடு அச்சிட்ட படம் அதற்கு எதிராகவே வாதாடப் போனது அபூர்வம்.

படத்தை நம்பாமல் பார்ப்பதும் இந்தத் தலைப்பில் ஒரு வேலைதான். 2010 டிசம்பரில் வந்த அமெரிக்கத் தலை ஒன்றில் இருந்தது நியூயார்க் துறைமுகத்துச் சுதந்திர தேவி அல்ல, லாஸ் வேகஸ் ஹோட்டல் வாசலில் நிற்கும் நகல். முகத்தையும் கிரீடத்தில் இருந்த ஒரு சின்னத் தகட்டையும் வைத்து, சில மாதங்களிலேயே ஒரு சேகரிப்பாளர் கண்டுபிடித்தார். நகலைச் செய்த சிற்பி வழக்குப் போட்டு 2018இல் 35 லட்சம் டாலர் வென்றார். துறைமுகங்கள் என்ற பக்கத்தில் அந்தத் தலைக்கு இடமில்லை. ஆனால் தூக்கிப் போடவும் மனம் வராது.

இப்போது அந்தப் பெரியவருக்காக. சிட்னி துறைமுகப் பாலத்தின் திறப்பையொட்டி 1932இல் ஆஸ்திரேலியா வெளியிட்ட 2 பென்னித் தலைகள் சிலவற்றைச் சேர்த்துப் பாருங்கள். ஒரே படம், ஒரே நிறம், ஆனால் இரண்டு தலை. ஒன்று தகட்டில் செதுக்கி அச்சிட்டது: வெளிச்சத்தில் சாய்த்தால் மை லேசாகப் புடைத்திருக்கும், தாளுக்குள்ளேயே பதிந்திருக்கும் அடையாளமான நீர்க்குறி இராது. மற்றது மேடான பரப்பில் மை பூசிப் பதிக்கும் எழுத்தச்சு: மை தட்டையாக இருக்கும், தாளில் நீர்க்குறி உண்டு. லென்ஸ் இல்லாமல் இரண்டையும் பிரிப்பது கஷ்டம். படம் சேர்ப்பவருக்கு ஒன்று போதும். இரண்டும் வேண்டும் என்று தேட ஆரம்பித்தால் அவரால் உங்களை எதுவும் சொல்ல முடியாது.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக. புதியதா முத்திரை விழுந்ததா என்பது ரசனை; ஒரு பக்கத்துக்குள் கலக்காமல் இருந்தால் போதும். முத்திரை விழுந்தால் படம் கெடுகிறதே என்று உங்களைப் போன்றவர்கள் வருந்துவார்கள். ஆனால் அந்த இடத்து அஞ்சலகத்தின் முத்திரையே விழுந்த உறை கிடைத்தால் தலையைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள், உறையோடு வையுங்கள். அதே இடத்தின் படம் உள்ள தபால் அட்டை, படத்தின் மேலேயே அந்தத் தலை, அந்த ஊர் முத்திரை மூன்றும் பொருந்தியதை மேக்ஸிமம் கார்டு என்பார்கள். கலங்கரை விளக்கங்களுக்கும் பாலங்களுக்கும் அதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை. தலையைப் பிரிக்கத் தண்ணீரில் ஊறவைக்கும்போது வண்ண உறைத்துண்டுகளை மற்றவற்றோடு சேர்க்காதீர்கள், சாயம் ஏறும். இப்போதைய ஸ்டிக்கர் வகைத் தலைகள் பல தண்ணீருக்கு அசையாது. சுற்றிலும் கொஞ்சம் தாள் விட்டு வெட்டி வையுங்கள்.

பளபளப்பான தாள்களில் இரண்டு வகை உண்டு. ஒட்டப்படாமலேயே முத்திரை குத்தி, சேகரிப்பாளருக்கென்றே விற்பவை ஒரு வகை. அவற்றின் பின்புறம் பசை அப்படியே இருக்கும். அவை போலி அல்ல, மலிவு. இடத்தை நிரப்ப வைத்துக்கொள்ளலாம். இன்னொரு வகை, பெயருள்ள நாட்டின் அஞ்சல்துறைக்கே தெரியாமல் யாரோ அச்சடித்தது. 2002 முதல் வந்த தலைகளுக்கு உலக அஞ்சல் ஒன்றியத்தின் எண் பட்டியல் இருக்கிறது, அதில் தேடுங்கள். எல்லா நாடுகளும் அதில் சேரவில்லை என்பதால், பட்டியலில் இல்லாததெல்லாம் போலி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அந்த நாட்டு அஞ்சல்துறையின் வெளியீட்டு அறிவிப்பையும் பாருங்கள். இரண்டிலும் இல்லாவிட்டால் ஆல்பத்திலிருந்து எடுத்துவிடுங்கள், ஏரி எவ்வளவு நீலமாக இருந்தாலும்.