பி மேசான்களை ஆராயும் மோதுவியில் இரு கற்றைகளுக்கும் வெவ்வேறு ஆற்றல் ஏன்?

ஜப்பானின் சுகுபாவில் இயங்கிய கேஇகேபி மோதுவியில் (துகள் கற்றைகளை எதிரெதிரே மோதவிடும் இயந்திரம்) எலெக்ட்ரான்களுக்கு 8 கிகா எலெக்ட்ரான்வோல்ட்டும் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) அவற்றின் எதிர்த்துகள்களான பாசிட்ரான்களுக்கு 3.5-ம் கொடுத்தது வீண் சிக்கல் அல்லவா என்று கேட்டிருக்கிறீர்கள். பருப்பொருளும் எதிர்ப்பொருளும் நடந்துகொள்ளும் விதத்தில் உள்ள வேறுபாட்டைத் தேடிய அந்த ஆய்வின் உயிர்நாடியே அந்த ஏற்றத்தாழ்வுதான்.

மோதலில் பயன்படும் ஆற்றல் சுமார் 10.58 கிகா எலெக்ட்ரான்வோல்ட். இது உப்சிலான் 4எஸ் என்னும் துகளின் நிறைக்குச் சமமானது. அத்துகள் பிறந்தவுடன் ஒரு பி மேசானும் அதன் எதிர்த்துகளுமாகப் பிரிகிறது. மேசான் என்பது ஒரு குவார்க்கும் (அடிப்படைத் துகள்) ஓர் எதிர்க்குவார்க்கும் சேர்ந்த துகள்; இவ்விரண்டில் ஒன்றில் பாட்டம் என்னும் வகைக் குவார்க்கும் மற்றதில் அதன் எதிர்க்குவார்க்கும் இருக்கும். பிரிந்தபின் மிஞ்சும் ஆற்றல் மிகக் குறைவு என்பதால், கற்றைகள் சம ஆற்றலுடன் மோதினால், இம்மேசான்கள் விநாடியின் லட்சம் கோடியில் ஒன்றரைப் பங்கு என்னும் தம் ஆயுளில் சுமார் 30 மைக்ரோமீட்டர் மட்டுமே நகர்ந்து சிதைந்துவிடும்.

அந்த இடைவெளியை உணர்விகளால் போதிய துல்லியத்துடன் அளக்க இயலாது. ஆனால் எந்த மேசான் முன்னே சிதைந்தது என்று தெரியாமல் எல்லா நிகழ்வுகளையும் கூட்டினால், நாம் தேடும் பருப்பொருள், எதிர்ப்பொருள் வேறுபாடு தன்னைத்தானே நீக்கிக்கொண்டு சுழியாகிவிடும். கற்றைகளின் ஆற்றல் வேறுபட்டால் இரு மேசான்களும் ஒரே திசையில் உந்தப்படுகின்றன. சிதைவுகளுக்கு இடையிலான நேரம் சுமார் 200 மைக்ரோமீட்டர் தூரமாக விரிகிறது. கடிகாரத்தை அளவுகோலாக மாற்றும் இந்த யோசனையை 1987-இல் இயற்பியலாளர் பியர் ஓடோன் முன்வைத்தார். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதன் எளிமை.

2001-இல் கேஇகேபியின் பெல், அமெரிக்காவின் பாபார் ஆகிய இரு ஆய்வுக் குழுக்களும் பருப்பொருள், எதிர்ப்பொருள் வேறுபாட்டைக் கண்டறிந்து, அதை விளக்க இயற்பியலாளர்கள் கோபயாஷியும் மஸ்காவாவும் 1973-இல் வகுத்த கோட்பாட்டை உறுதிசெய்தன. கேஇகேபியின் வாரிசான இன்றைய சூப்பர்கேஇகேபியில் ஆற்றல்கள் 7, 4 கிகா எலெக்ட்ரான்வோல்ட் என்று நெருங்கிவிட்டன. உந்தலில் இழந்ததை, உணர்விகளைக் கற்றைக்குழாய்க்கு இன்னும் அருகில் வைத்து ஈடுசெய்கிறார்கள்.