வாசகர் கேள்வி, கால்நடை மருத்துவர் பதில்: கால் விழுந்த கோழி

கேள்வி: எங்கள் வீட்டில் 5 நாட்டுக்கோழிகள் இருக்கின்றன. அவற்றுள் 7 மாத வயதான விடைக்கோழி ஒன்று, என் மகளின் கையில் தீனி தின்றே வளர்ந்தது. 12 நாள்களுக்கு முன் இடக்காலை இழுத்து நடக்கத் தொடங்கியது. இப்போது எழவே முடியாமல், ஒரு காலை முன்னேயும் மறு காலைப் பின்னேயும் நீட்டியபடி கிடக்கிறது. அருகில் தீனி வைத்தால் ஆவலோடு தின்கிறது. என் மாமியார் நல்லெண்ணெய் தடவி நீவிவிட்டார், பயனில்லை. அறுத்துக் குழம்பு வைத்துவிடச் சொல்கிறார்கள் அக்கம்பக்கத்தார், மகள் அழுகிறாள். இது பிழைக்குமா? மற்றக் கோழிகளுக்கும் எங்களுக்கும் தொற்றுமா?
– வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: சகோதரி, ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாகக் கிடக்கிறது என்று நீங்கள் எழுதிய வரிதான் என்னைக் கவலைகொள்ளச் செய்தது. விடைக்கோழி வயதில் இப்படிக் கால் விழுந்தால், நாங்கள் முதலில் ஐயுறுவது மாரெக் நோயைத்தான். ஹங்கேரி நாட்டுக் கால்நடை மருத்துவர் யோசெஃப் மாரெக் 1907-ஆம் ஆண்டில் விவரித்த இந்நோய், ஹெர்பிஸ் வகை வைரசால் வருவது. அது காலுக்குச் செல்லும் பெரிய நரம்பை வீங்கச் செய்கிறது. ஆகவே கோளாறு நரம்பில் இருக்கிறது. காலில் எண்ணெய் நீவியதால் பயன் இல்லாமற்போனதில் வியப்பில்லை.

ஆனால் கோழியைப் பாராமல் நோயை உறுதிசெய்ய என்னால் இயலாது. மருத்துவரிடம் கொண்டு செல்வதற்கு முன் நீங்களே சிலவற்றைப் பார்த்துவிடலாம். இரு பாதங்களையும் கழுவி, உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். அங்கே கறுத்த பொருக்கும் அதைச் சுற்றிச் சூடான வீக்கமும் இருந்தால், அது சீழ்ப்புண். உயரமான இடத்திலிருந்து கடினத் தரையில் குதிக்கும் கோழிகளுக்கு வருவது. மருத்துவர் கீறிச் சுத்தம் செய்து மருந்திட்டால் பெரும்பாலும் ஆறிவிடும். அடுத்து, வயிற்றின் கீழ்ப்புறத்தை மென்மையாகத் தடவிப் பாருங்கள். முட்டை தடைபட்டு நின்றாலும் கோழி கால் ஊன்றாமல் உட்கார்ந்துவிடும். அது மணிக்கணக்கில் கவனிக்க வேண்டிய அவசரம். ஒரு முட்டையின் ஓட்டில் மட்டும் ஏறத்தாழ 2 கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீனியில் அது கிடைக்காதபோது கோழி தன் எலும்பைக் கரைத்து ஓட்டுக்குக் கொடுப்பதால், தொடர்ந்து முட்டையிடும் கோழிகளுக்குக் கால் தளர்வதும் உண்டு. அதற்குக் கிளிஞ்சல் தூள் தனிக் கிண்ணத்தில் எப்போதும் இருக்க வேண்டும். வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்லும் இராணிக்கெட் நோயிலும் கால் விழும். ஆனால் அதில் பச்சையும் வெள்ளையுமான கழிச்சல், கழுத்துத் திருகல், மூச்சுத் திணறல் ஆகியவை சேர்ந்து வந்து, சில நாள்களுக்குள் பல கோழிகள் விழுந்துவிடும். 12 நாள்களாக ஒன்று மட்டும் கிடக்கிறது, அதுவும் ஆவலோடு தின்கிறது என்பதால் அந்த ஐயம் எனக்குக் குறைவு.

மாரெக் நோயாகவே இருந்தால், அதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. சில கோழிகள் ஓரளவு தேறி எழுவதுண்டு. பெரும்பாலானவை மெலிந்து இறக்கின்றன. பி வைட்டமின் மருந்தால் தீங்கில்லை. சத்துக் குறைவால் வந்த தளர்ச்சிக்கு அது உதவும், வைரசுக்கு உதவாது. மனிதருக்கான வலி மாத்திரைகளை அளவு தெரியாமல் பொடித்துக் கொடுக்க வேண்டாம். வலிக்குத் தகுந்த மருந்தை எடை பார்த்து மருத்துவர் தருவார்.

பராமரிப்பில்தான் உங்கள் மகளின் அன்புக்கு வேலை இருக்கிறது. ஓர் அட்டைப்பெட்டியில் பழைய துணியும் வைக்கோலும் கனமாகப் பரப்பி, கால்களை உடலுக்கு அடியில் மடித்து நிமிர்த்தி உட்கார வையுங்கள். ஒரே பக்கம் கிடந்தால் மார்பெலும்பின் மேல் தோல் புண்ணாகிவிடும். ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிலையை மாற்றுங்கள். துண்டில் கால்களுக்கு இரண்டும் எச்சத்துக்கு ஒன்றுமாகத் துளையிட்டுத் தூளிபோல் கட்டி, பாதம் தரையைத் தொடும் உயரத்தில் நாளுக்குச் சில முறை சற்று நேரம் நிறுத்தலாம். எச்சம் ஒட்டிய இறகுகளை வெந்நீரால் துடைத்து நன்றாக உலர்த்துங்கள். ஈ மொய்த்துப் புழு வைத்துவிட்டால், நோயைவிட அதுவே விரைவில் கொன்றுவிடும். தண்ணீரை வாய்க்குள் ஊற்றாதீர்கள். நாக்கின் அடியிலேயே மூச்சுக்குழாய் திறப்பதால் புரையேறிவிடும். அலகின் ஓரத்தில் துளித்துளியாக விட்டால் தானே விழுங்கும். இரவில் நிறைந்திருக்கும் தீனிப்பை காலையில் காலியாகியிருக்க வேண்டும். காலையிலும் கெட்டியாக இருந்தால் செரிமானம் நின்றிருக்கிறது என்று பொருள். தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டுக் குறித்து வையுங்கள். இறகு மூடியிருப்பதால் கோழி மெலிவது கண்ணுக்குத் தெரிவதில்லை.

இந்த வைரஸ் மனிதரைத் தொற்றாது. ஆயினும் எந்தக் கோழியின் எச்சத்திலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம் என்பதால், மகள் ஒவ்வொரு முறையும் சோப்பால் கை கழுவட்டும். மற்ற 4 கோழிகளைப் பற்றிய செய்தி அவ்வளவு ஆறுதலானதன்று. வைரஸ் இறகுப் பொடியோடு உதிர்ந்து கூண்டுத் தூசியில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அவை ஏற்கெனவே அதைச் சுவாசித்திருக்கும். சுவாசித்த எல்லாக் கோழியும் நோயுறுவதில்லை. தடுப்பூசி குஞ்சு பொரித்த முதல் நாளில் போட வேண்டியது. அடைகோழியின் கீழ்ப் பொரியும் நம் நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்குப் பெரும்பாலும் அது கிடைப்பதில்லை. அடுத்த முறை குஞ்சு வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். நோயுற்ற கோழியை, அதிலும் மருந்து கொடுத்த கோழியை, சமைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: 4 வயதான எங்கள் கோழி, வயிறு வீங்கிக் கால்களை அகட்டி நிமிர்ந்தே நிற்கிறது. கருப்பைக் குழாய் நோயால் நீர் கோத்திருப்பதாகக் கூறி மருத்துவர் ஒருமுறை எடுத்தார். மூன்று வாரத்தில் மீண்டும் நிறைந்துவிட்டது. இன்னும் எத்தனை நாள் வைத்துப் பார்ப்பது?
– வாசகர், திருச்சி

பதில்: வயதான கோழிகளுக்குச் சூலகத்தில் புற்றுக்கட்டி வருவதும், மஞ்சள் கரு வயிற்றுக்குள் விழுந்து அழற்சி ஏற்படுவதும் அதிகம். நீரை எடுத்தால் மூச்சு எளிதாகும். காரணம் உள்ளேயே இருப்பதால் நீர் திரும்பவும் சேரும். ஒவ்வொரு முறையும் இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். நாள் கணக்கை வைத்து முடிவெடுக்க வேண்டாம். பிடித்த தீனியைக் கண்டால் தலை தூக்குகிறதா, வெயிலில் இறகு கோதுகிறதா, மற்றக் கோழிகளின் குரலுக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். இவை மூன்றும் நின்று, வாயைத் திறந்து மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகு, அதை இழுத்துப் பிடித்து வைப்பது நம் ஆறுதலுக்காக மட்டுமே. மயக்க மருந்து கொடுத்து வலியின்றி விடுவிக்க மருத்துவரைக் கேளுங்கள். அதில் நீங்கள் குற்றவுணர்வு கொள்ளத் தேவையில்லை. கடைசி வரை உடனிருக்க விரும்பினால் இருங்கள். பழகிய கையில் கோழி அமைதியாக இருக்கும். மற்றக் கோழிகள் இருந்தால், பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்லி நோயை அறிந்துகொள்ளுங்கள். உடலை நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.