முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாமா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆட்களை முகம் பார்த்து எடைபோட அரிஸ்டாட்டில் அலெக்சாண்டருக்குச் சொல்லிக்கொடுத்ததாக ஒரு நூல் இருப்பதைப் போன கட்டுரையில் போகிறபோக்கில் சொல்லியிருந்தீர்கள். நிஜமாகவே அவர் எழுதியதா? சாமுத்திரிகா லட்சணத்தில் ஊறிய என் பெரியப்பா, அந்த நூலில் வரும், பண்டைய கிரேக்க மருத்துவர் ஹிப்போக்ரட்டஸின் கதையைக் காட்டி என்னை மடக்குகிறார். என்ன பதில் சொல்ல?

கே.

அன்புள்ள கே.,

அரிஸ்டாட்டில் எழுதவில்லை. அவர் செத்து ஆயிரத்துச் சொச்சம் வருடம் கழித்து, 10ஆம் நூற்றாண்டு வாக்கில் அரபியில் உருவான நூல். 1120 வாக்கில் செவில் ஜான் என்பவர் உடல்நலப் பகுதியை மட்டும் லத்தீனுக்குக் கொண்டுவந்தார். அடுத்த நூற்றாண்டில் திரிப்போலி பிலிப் என்ற பாதிரியார், அந்தியோக்கியாவில் கிடைத்த அரபிப் பிரதியை முழுசாக மொழிபெயர்த்தார். பெயர் 'ரகசியங்களின் ரகசியம்'. இப்படிப் பெயர் வைத்தால் யார்தான் படிக்காமல் விடுவார்கள்? 13ஆம் நூற்றாண்டின் பெரிய ஆங்கிலேய அறிஞர் ரோஜர் பேக்கனே உட்கார்ந்து குறிப்புரை எழுதினார்.

சரி, பெரியப்பாவின் கதைக்கு வருவோம். ஹிப்போக்ரட்டஸின் சீடர்கள் குருவின் படத்தை வரைந்து ஃபிலமோன் என்ற முகக்குறி நிபுணரிடம் கொண்டுபோகிறார்கள். அவர் பார்த்துவிட்டு, காமுகன், ஏமாற்றுக்காரன் என்கிறார். சீடர்கள் கொதித்துப்போய்த் திரும்பிவந்து சொன்னால் குருவோ, சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், என் சுபாவம் அதுதான், அறிவால் அடக்கி வைத்திருக்கிறேன் என்கிறார். கேட்க அழகாகத்தான் இருக்கிறது (இதே மாதிரி ஒரு கதையை சாக்ரடீஸை வைத்து ரோமானியப் பேச்சாளர் சிசெரோ எப்போதோ சொல்லிவிட்டார்). ஆனால் இது தோற்கவே முடியாத ஆட்டம். முகம் அயோக்கியன் என்கிறது. ஆள் அயோக்கியனாக இருந்தால் சாஸ்திரம் பலித்தது, யோக்கியனாக இருந்தால் அடக்கிவிட்டான், அப்போதும் பலித்தது. போதாததற்கு, ஒரே குறியை வைத்து முடிவு கட்டாதே, எல்லாவற்றையும் சேர்த்துப் பார் என்று இன்னொரு கதவையும் நூல் திறந்து வைக்கிறது.

லத்தீன் பிரதியில் இன்னொரு வரி: நீலம்பாரித்து மஞ்சளாக வெளிறிய ஆளைக் கண்டால் ஓடிவிடு, அவன் தீயொழுக்கத்தின் பக்கம் சாய்ந்தவன். வெளிறிய தோல்காரர்கள் நிறைந்த ஐரோப்பிய மடங்களில் இதைப் பிரதியெடுத்தவர்கள் கண்ணாடி பார்த்திருப்பார்களா என்பது என் சந்தேகம்.

அப்புறம், மைக்கேல் ஸ்காட். 13ஆம் நூற்றாண்டில் புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக்குக்கு முகக்குறி நூல் எழுதிக்கொடுத்தவர். இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் காவியத்தில் அவரை நரகத்தில் குறிசொல்லிகளோடு தள்ளி, முகத்தை முதுகுப் பக்கம் திருகி நடக்கவிட்டார். அங்கே அவரை அடையாளம் காட்டுவது எப்படித் தெரியுமா? விலா ஒட்டிப்போன அந்த ஆள், என்று.